சரக்கு ரயில் விபத்து விசாரணை அறிக்கைகளும் வெளிவர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சரக்கு ரயில் தடம் புரண்ட செய்தி எந்த நாளிதழில் வந்தாலும் ஏறத்தாழ ஒரே வாசகத்தில்தான் வருகிறது. இன்ன ஊருக்கு அருகே இத்தனை வேகன்கள் தண்டவாளத்தை விட்டு இறங்கின, இன்னின்ன எக்ஸ்பிரஸ் ரயில்கள் தாமதமாயின, இத்தனை மணி நேரத்தில் பாதை சீரமைக்கப்பட்டது, நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை, விசாரணைக்கு உத்தரவிடப்பட்டுள்ளது. அந்த விசாரணையில் என்ன தெரியவந்தது என்பது மட்டும் பிறகு ஒருநாளும் அச்சில் வருவதில்லை. காவிரி டெல்டாவின் மீட்டர் கேஜ் பாதைகளில் சரக்கு ரயில் கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த மௌனத்தால் விளையும் தீங்கைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் எழுத விரும்புகிறேன். கார்டு என்ற பதவியை 2022 முதல் ‘டிரெய்ன் மேனேஜர்’ என்று மாற்றியிருக்கிறார்கள். நாங்கள் பழைய பெயரிலேயே வந்து பழைய பெயரிலேயே போனவர்கள்.

இன்றைய அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,676 மில்லிமீட்டர் இடைவெளி. அன்றைய மீட்டர் கேஜில் அது 1,000 மில்லிமீட்டர்தான். விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் பாதையும், அதிலிருந்து கிளை பிரிந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் போன பாதைகளும் பெரும்பாலும் களிமண் பூமியில் போடப்பட்டவை. கோடையில் வெடித்துப் பிளக்கும் அந்த மண், ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறிக் குழைந்து, ஜல்லியை உள்ளே வாங்கிக்கொள்ளும். ரயில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சிலிப்பர் கட்டைக்கு அடியிலிருந்து சேறு பொங்கும். பாதையைப் பராமரிக்கும் கேங்மேன்கள், தண்டவாளத் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் ஜாயிண்டுகளில் தாழ்ந்தவற்றைப் பகலெல்லாம் தூக்கி ஜல்லி இடித்துவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையில் அவை மறுபடியும் தாழ்ந்திருக்கும். இந்தப் பாதையில்தான் நெல்லும் அரிசியும் உரமும் சிமென்டும், அகஸ்தியம்பள்ளி உப்பும் நான்கு சக்கர வேகன்களில் போய்க்கொண்டிருந்தன.

நான்கு சக்கர வேகனைப் பற்றிக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்தக் காலத்துத் தடம் புரளல்களில் பல அதன் உடலமைப்போடு சம்பந்தப்பட்டவை. பட்டை பட்டையாக அடுக்கிய விறைப்பான ஸ்பிரிங்குகள் மீது அதன் பாரம் நிற்கும். சரக்கு ஏற்றியிருக்கும்போது ஸ்பிரிங் அமுங்கி, பாதை எங்கே தாழ்ந்திருந்தாலும் சக்கரம் அதோடு சேர்ந்து இறங்கும். வேகன் காலியாக இருந்தால் ஸ்பிரிங் அமுங்காது. பாதையின் ஒரு மூலை தாழ்ந்திருக்கும் இடத்தில் அந்த மூலைச் சக்கரம் பாரமின்றித் தண்டவாளத்தின் மேல் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். வளைவு முடிந்து நேர்ப்பாதை தொடங்கும் இடத்தில், வெளித் தண்டவாளத்துக்குக் கொடுத்திருந்த உயரம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வருவதால், இந்தத் திருகல் இயல்பாகவே உண்டு. அதோடு மழையில் தாழ்ந்த ஜாயிண்டும் சேர்ந்துவிட்டால் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறி, சில அடி தூரம் அதன் தலைமீதே ஓடி, மறுபுறம் இறங்கிவிடும். முன்னும் பின்னும் பாரம் ஏற்றிய வேகன்கள் இருந்து, நடுவில் இரண்டு காலி வேகன்கள் அகப்பட்டுக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். டிரைவர் பிரேக் போடும்போது பின்னால் வரும் பாரமெல்லாம் அந்தக் காலி வேகன்களின்மேல்தான் வந்து நெருக்கும்.

அப்படி ஒன்று நான் பணியில் இருந்தபோது நடந்தது. ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே அப்போது பணியில் இருந்தவர்களின் பிள்ளைகள் இன்றும் இதே வட்டாரத்தில் இருக்கிறார்கள். மழைக்கால இரவு, உப்பு ஏற்றிய வண்டி. கடைசிப் பெட்டியான பிரேக் வேனில் இருக்கும் கார்டுக்கு முன்னால் நடப்பது கண்ணில் படாது. அவனுக்கு முதலில் செய்தி சொல்வது, பிரேக் பிடிக்காமல் வைத்திருக்கும் வாக்குவத்தின், அதாவது குழாயிலுள்ள வெற்றிடத்தின், அளவைக் காட்டும் முள்தான். வேகன்களுக்கிடையே உள்ள ஹோஸ் குழாய் பிய்ந்தால், அந்த முள் ஒரே வீச்சில் பூஜ்யத்துக்கு விழும். விழுந்தது. அடுத்த கணம் வண்டி குலுங்கி, முன்னாலிருந்து இரும்பு இரும்போடு மோதும் ஓசை ஒவ்வொரு வேகனாகக் கடந்து என்னிடம் வந்து சேர்ந்தது.

அதன் பிறகு கார்டு செய்ய வேண்டியது முன்னால் ஓடிப்போய் என்ன ஆயிற்று என்று பார்ப்பதல்ல. பின்னால் நடந்துபோய், வேறு வண்டி எதுவும் வந்து மோதாமல் தன் வண்டியைக் காக்க வேண்டும். மீட்டர் கேஜில் 400 மீட்டர் தள்ளித் தண்டவாளத்தின் மேல், சக்கரம் ஏறினால் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் ஒரு டெட்டனேட்டர், 800 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று டெட்டனேட்டர்கள் வைக்க வேண்டும் என்பது விதி. அகலப் பாதைக்கு அது 600 மீட்டர், 1,200 மீட்டர். இருபுறமும் வயல்நீர் தளும்பும் குறுகிய கரையில், கையில் சிவப்பு விளக்கோடு, வழுக்கும் கட்டைகளின் மேல் கால் வைத்து நடக்கும்போது, முன்னால் எஞ்சினில் இருக்கும் டிரைவரும் ஃபயர்மேனும் என்ன ஆனார்களோ என்ற எண்ணம்தான் மனத்தை அறுக்கும். அன்று அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எஞ்சினும் முதல் சில வேகன்களும் தண்டவாளத்தில் நின்றன. நடுவில் இருந்த காலி வேகன்கள் இரண்டும், அவற்றைத் தொடர்ந்து உப்பு வேகன்கள் சிலவும் கரையோரம் சாய்ந்து கிடந்தன. நெல்லோ அரிசியோ கொட்டியிருந்தால் விடிவதற்குள் அக்கம்பக்கத்துக் கிராமங்கள் முறத்தோடும் சாக்கோடும் வந்து சேர்ந்திருக்கும். உப்பை மழையே அள்ளிக்கொண்டு போய்விட்டது.

நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்தது மறுநாள் காலையில் நடந்ததைத்தான். விபத்து நடந்த இடத்தில் ஒவ்வொரு துறையின் மேற்பார்வையாளரும் கூடி, அளவுகள் எடுத்து, ‘ஜாயிண்ட் நோட்’ என்ற கூட்டுக் குறிப்பில் கையெழுத்திடுவது வழக்கம். சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிய இடத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து பின்னோக்கிச் சிறு சிறு இடைவெளியில் இரு தண்டவாளங்களின் உயர வேறுபாட்டையும் இடைவெளியையும் அளப்பார்கள். வேகனின் சக்கர விளிம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அன்று ஒரு காலி வேகனின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை ஒடிந்திருந்தது. அது முன்பே ஒடிந்ததால்தான் வேகன் இறங்கியது என்று பாதைத் துறையினரும், வேகன் இறங்கிய அதிர்ச்சியில்தான் அது ஒடிந்தது என்று வேகன் துறையினரும் வாதிட்டார்கள். பழைய முறிவாக இருந்தால் உட்புறம் துரு ஏறியிருக்கும், புதிய முறிவாக இருந்தால் பளபளக்கும். ஆனால் இரவு முழுவதும் மழையில், அதுவும் உப்பு நீரில் கிடந்த இரும்பில் எது பழைய துரு, எது புதிய துரு என்று யார் சொல்வது? பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் விவாதித்தார்கள். ஒருவர் தம் மாறுபட்ட கருத்தைத் தனித்தாளில் எழுதி இணைத்தார்.

கடைசியில், தாழ்ந்த ஜாயிண்டைக் கவனிக்கத் தவறியதாக ஒரு கேங் மேஸ்திரியின்மீது நடவடிக்கை வந்தது. களிமண் கரைக்கு ஜல்லி கேட்டு அவர் எத்தனை முறை மேலே சொல்லியிருப்பார் என்பதை யாரும் அளந்து எழுதவில்லை. பாரம் ஏற்றிய வேகன்களுக்கு நடுவே காலி வேகன்களைக் கோத்தது ஏன், அதை வழியில் எந்த ஸ்டேஷனில் யார் சொல்லிச் செய்தார்கள், அப்படிக் கோப்பதை மழைக்காலத்திலாவது தவிர்க்க முடியாதா என்ற கேள்விகளுக்குக் குறிப்பில் இடமே இல்லை. அதே பாதையில் ஓடிய மற்றக் கார்டுகளுக்கும் டிரைவர்களுக்கும் இந்த விபத்தின் காரணம் என்னவென்று எழுத்தில் எதுவும் வந்ததாக நான் அறியேன். டிரைவர்களும் கார்டுகளும் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் சாப்பிட்டுக்கொண்டே நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதுதான் எங்களுக்குக் கிடைத்த பாடம்.

தடம் புரளாமல் தப்பிய வண்டிகளின் கதை இன்னும் கேட்பாரற்றது. அப்போது வேகன்களின் ஆக்சில் என்ற சக்கர அச்சின் முனையில் ஒரு பெட்டி இருக்கும். அதனுள் பித்தளை பேரிங்கும், எண்ணெயில் ஊறிய நூல்கழிவும் இருக்கும். பித்தளைக்கு ஆசைப்பட்டு பேரிங்கையும், அடுப்பெரிக்க நூல்கழிவையும் யார்டுகளில் திருடிச் செல்வது சர்வசாதாரணம். எண்ணெய் வற்றிய பெட்டி ஓட ஓடச் சூடாகி, முதலில் தீய்ந்த நாற்றமும், பிறகு புகையும், அதன்பின் தீயும் கிளம்பும். அதையும் கவனிக்காவிட்டால் ஆக்சில் முனை முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். ‘ஹாட் ஆக்சில்’ என்று நாங்கள் பயந்தது இதற்குத்தான். ஓர் இரவு, என் வண்டியின் நடுவில் எரிந்துகொண்டிருந்த அப்படியொரு பெட்டி, வேகன்கள் மறைத்ததால் எனக்கும் தெரியவில்லை, டிரைவருக்கும் தெரியவில்லை. வயல்வெளி நடுவே ஒரு கேட்டில் தனியாக நின்றிருந்த கேட் கீப்பர், எஞ்சின் கடந்தபின் தீப்பொறியைப் பார்த்துவிட்டு, தன் விளக்கைச் சிவப்பாக மாற்றி வண்டியின் பின்புறத்தை நோக்கி விடாமல் ஆட்டினார். அதை நான் கண்டு வாக்குவத்தைத் திறந்து வண்டியை நிறுத்தினேன். அவருக்குச் சிறு தொகை பரிசாகக் கிடைத்தது. ஆனால் அந்த வேகன் எந்த யார்டில், யாருடைய பரிசோதனையைத் தாண்டி வந்தது என்பதை எவரும் தேடிப் போகவில்லை, ஏனெனில் கணக்கின்படி விபத்து என்று ஒன்றும் நடக்கவேயில்லை.

இன்று காலம் மாறிவிட்டது என்று சொல்வார்கள், உண்மைதான். மீட்டர் கேஜ் நீலகிரி மலைப்பாதை தவிரத் தமிழ்நாட்டில் இல்லை. நான்கு சக்கர வேகன்களும் வாக்குவம் பிரேக்கும் பித்தளை பேரிங்கும் போய், எட்டுச் சக்கர வேகன்களும் ஏர் பிரேக்கும் ரோலர் பேரிங்கும் வந்துவிட்டன. தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக்கி, அவற்றின் உட்புற விரிசல்களை அல்ட்ராசானிக் கருவியால் சோதிக்கிறார்கள். அதேசமயம் அன்றைய வேகனைப்போல் பல மடங்கு பாரம் இன்றைய வேகனில் ஏறுகிறது. தண்டவாளமோ பற்றவைத்த இடமோ முறிவதும், ஒருபக்கமாகச் சரக்கு ஏற்றுவதும், இரு சக்கரங்களின் விட்டம் வேறுபடுவதும் இன்றும் வண்டியை இறக்கிவிடக்கூடியவையே. பாதையோரம் கண் வைத்திருந்த கேட் கீப்பர்கள் சுரங்கப்பாதைகள் வந்ததால் குறைந்துவிட்டார்கள். கடைசிப் பெட்டியில் கார்டுக்குப் பதிலாக மின்னணுக் கருவி ஒன்றைப் பொருத்தும் முயற்சியும் நடக்கிறது. கருவிகளை நான் குறை சொல்லவில்லை. மனிதர்கள் பார்த்துச் சொன்னதைக் கருவிகள் பதிவு செய்யும் என்றால், அந்தப் பதிவைப் பொதுமக்களும் பார்க்க முடியவேண்டும் என்கிறேன்.

2025 ஜூலை 13 அதிகாலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய சரக்கு ரயில் தடம் புரண்டு 18 டேங்கர் வேகன்கள் எரிந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குடியிருப்புகளுக்கு அருகில் வானம் முட்ட எழுந்த அந்தக் கரும்புகையைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, உயிர்ச்சேதம் இல்லை என்ற வாசகம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று தோன்றியது. சம்பவ இடத்துக்கு அருகே தண்டவாளத்தில் விரிசல் காணப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. அடுத்த சில நாட்களில் அந்த விஷயம் பக்கங்களிலிருந்து இறங்கிவிட்டது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வீழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததையும், அதற்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து விலகியதையும் இன்றும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் பயணிகள் ரயிலைக் கவிழ்க்கும் அதே காரணங்கள் அதற்கு முன்பே சரக்கு ரயிலில் பலமுறை தலைகாட்டிவிட்டே வருகின்றன. இரண்டும் ஓடுவது ஒரே தண்டவாளத்தின் மேல்.

சட்டமே இந்த வேறுபாட்டை வைத்திருக்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 113, 114ஆம் பிரிவுகளின்படி, பயணிகளை ஏற்றிச் செல்லும் ரயில் விபத்துக்குள்ளாகி உயிரிழப்போ கொடுங்காயமோ பெருஞ்சேதமோ நேர்ந்தால் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை உண்டு. அந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின்கீழ் இல்லாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் இருப்பதே அதன் சுதந்திரத்துக்காகத்தான். சரக்கு ரயிலுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பெரும்பாலும் ரயில்வே அதிகாரிகளே விசாரித்து, அதிகாரிகளிடமே அறிக்கை கொடுத்து, கோப்பை அங்கேயே மூடிவிடுகிறார்கள்.

அந்தக் கோப்புகளில் என்ன இருக்கிறது என்பதை ஒரேயொரு முறை நாம் எட்டிப் பார்க்க முடிந்தது. 2017-18 முதல் 2020-21 வரையிலான நான்கு ஆண்டுகளில் நடந்த தடம் புரளல்கள் பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராய்ந்து, 2022 டிசம்பரில் அந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 1,129 விசாரணை அறிக்கைகளைப் பார்த்ததில் 422 தடம் புரளல்கள் பொறியியல் துறையின் கணக்கில் வந்தன; அவற்றில் 171 பாதைப் பராமரிப்பு சம்பந்தப்பட்டவை. 63 சதவீத விசாரணைகளில் உரிய காலத்துக்குள் அறிக்கை கொடுக்கப்படவில்லை. 49 சதவீதத்தில் அறிக்கையை ஏற்றுக்கொள்வதில் தாமதம். அறிக்கையே தாமதமானால், காரணம் தெரிந்து பாதையில் வேலை செய்பவனிடம் அது போய்ச் சேர எவ்வளவு காலமாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் ஒடிசாவின் பாலேஸ்வர் அருகே கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்து நடந்த பிறகு பத்திரிகைகள் பலவும் இந்தத் தணிக்கை அறிக்கையைத் தேடி எடுத்தன.

வேறு நாடுகளில் வேறு வழக்கம் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், லாக் மெகாண்டிக் என்ற சிற்றூருக்குள் 2013 ஜூலை 6 அன்று, கச்சா எண்ணெய் ஏற்றி மலைச்சரிவில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு வட்டார ரயில் நிறுவனத்தின் சரக்கு ரயில் தானாக உருண்டு வந்து தடம் புரண்டு எரிந்ததில் 47 பேர் இறந்தார்கள். போதிய எண்ணிக்கையில் கைப்பிரேக்குகள் போடப்படாமல் போனதில் தொடங்கி, அந்நிறுவனத்தின் பாதுகாப்புப் பழக்கங்கள், அரசின் மேற்பார்வைக் குறைபாடு வரை எல்லாவற்றையும் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதி, அடுத்த ஆண்டே முழு அறிக்கையையும் வெளியிட்டது. யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது அந்த வாரியத்தின் வேலை அல்ல. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று சொல்வதே வேலை. நம் ஜாயிண்ட் நோட்டில் இல்லாதது அந்த மனப்பான்மைதான். அது எந்தத் துறையின் தலையில் பழி விழுகிறது என்பதில் தொடங்கி, அதிலேயே முடிந்துவிடுகிறது.

அறிக்கைகளை வெளியிட்டால் ஊழியர்கள் உண்மை பேசப் பயப்படுவார்கள் என்று என் பழைய நண்பர்களே சிலர் சொல்கிறார்கள். இது தள்ளிவிடத்தக்க வாதமல்ல. ஆனால் இப்போது மட்டும் அச்சமின்றியா பேசுகிறார்கள்? மூடிய அறைக்குள் எழுதப்படும் குறிப்பில் மேலே இருப்பவரின் பெயர் எளிதில் மறைந்துவிடும், கீழே இருப்பவரின் பெயர் மறையாது. ஊழியர்களின் பெயர்களை நீக்கிவிட்டு, பாதையின் அளவுகள், வேகனின் கடைசிப் பரிசோதனைத் தேதி, வண்டியின் வேகம், வேகன்கள் கோக்கப்பட்ட வரிசை, முன்பு அதே இடத்தில் வந்த புகார்கள் ஆகியவற்றை மட்டும் வெளியிட்டாலே போதும். அவற்றைப் படித்தறிய நாட்டில் பொறியாளர்களும் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்களும் ஏராளமாக இருக்கிறார்கள்.

என் வட்டாரத்துக்கே இது உடனடித் தேவை. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி செல்லும் பாதை அகலப் பாதையாக்கப்பட்டு 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அந்தப் பாதையில் உப்புப் போக்குவரத்து பெருக வேண்டும் என்பது உப்பளத் தொழிலாளர்களின் விருப்பம். என் விருப்பமும் அதுவே. உப்பு நீர் கசிந்தால் தண்டவாளத்தின் அடிப்பகுதியையும் அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளையும் எப்படி அரிக்கும் என்பதும், அந்தக் கரை மழையில் எங்கெங்கே தாழும் என்பதும் பழைய மீட்டர் கேஜ் கோப்புகளில் எங்கோ எழுதப்பட்டுத்தான் இருக்கும். அவற்றைப் புதிய பாதையைப் பராமரிக்கும் இளைஞர்கள் பார்த்திருப்பார்களா என்று தெரிந்துகொள்ள இன்று வழியில்லை.

ஆகவே, ஒவ்வொரு சரக்கு ரயில் தடம் புரளலுக்கும் உரிய விசாரணை அறிக்கையைக் குறித்த காலத்துக்குள், தமிழிலும், கோட்ட இணையதளத்தில் வெளியிடும்படி ரயில்வே நிர்வாகத்தையும், அதற்கேற்ற சட்டத்திருத்தத்தைக் கேட்கும்படி நம் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் செய்தியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். விபத்து நடந்த அன்று எழுதும் செய்தியோடு நிற்காமல், மூன்று மாதம் கழித்து அதே அலுவலகத்துக்குச் சென்று, விசாரணை முடிந்ததா, அதில் என்ன காரணம் சொல்லப்பட்டிருக்கிறது என்று கேட்டு, கிடைத்த பதிலையும், பதில் கிடைக்காவிட்டால் அதையும், முதல் செய்தி வந்த அதே அளவு இடத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சரக்கு ரயில் கார்டு,
மயிலாடுதுறை.